துவைக்கக் கூடாத கையுறை

எனக்கு எளிதில் குமட்டாது. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் வாய்க்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், வழிகிற எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சுவதும்தான் என் பிழைப்பு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். மூடுவது இருக்கட்டும், திறந்தால் என்ன வாடை வரும் என்று என்னைக் கேளுங்கள். அப்படிப்பட்ட என்னையே சொந்த வீட்டு வாசலில் மூக்கைப் பொத்த வைத்தது என் புருஷனுடைய கையுறை.

அவர் கால்பந்தில் கோல்கீப்பர். பெரிய க்ளப் இல்லை, சின்ன க்ளப்பும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் போடுவார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கையுறை ஒரு காலத்தில் வெள்ளையும் பச்சையுமாக இருந்தது. நான் சொல்லும் சமயத்தில் அதற்கென்று ஒரு நிறம் இல்லை. செத்த எலியைப் புளித்த பாலில் ஊற வைத்தது போல ஒரு நாற்றம். அதை வராந்தாவில் வைக்கக் கூடாது, பையில் கட்டக் கூடாது. கூடத்தில் ஒரு நாற்காலியில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் ஜெயித்த அன்று அங்கேதான் இருந்ததாம். வீட்டுக்கு வந்த மனிதர்களை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியில் கையுறையை உட்கார வைத்திருந்தோம்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு ஆட்டத்தில், குழந்தை உருட்டிவிட்டது போல மெதுவாக வந்த ஒரு பந்து, இவர் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டது. எவனோ அதை ஃபோனில் எடுத்து, பின்னால் ஒரு பாட்டையும் சேர்த்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். அதிலிருந்து அவருக்குப் பெயரே ‘சல்லடை’ ஆகிவிட்டது. கடைக்குப் போனால் கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டி, “பாத்து, கீழ விட்டுராதீங்க” என்பார். மனிதர் தூங்கவில்லை. நான் எட்ட நின்று சோப்பைப் போட்டால்கூடப் பிடிக்க முடியாமல் கீழே விட்டார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

அப்போதுதான் க்ளப்பில் ஒரு மனோதத்துவ நிபுணரைக் கொண்டு வந்தார்கள். ஆட்டக்காரர்கள் அவருக்கு ‘மனசு மாஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும், முதல் இரண்டு மாதம் நான் அந்த மனிதரை மனசுக்குள் கும்பிட்டேன். எதிராளி பந்தை உதைப்பதற்கு முன்னால் இரண்டு கம்பத்தையும் தொடு, மூச்சை முழுசாக வெளியே விடு, கையுறையைப் பார்த்து ‘இது என் கை’ என்று சொல்லு. இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார். இவரும் செய்தார். பந்து கையில் ஒட்ட ஆரம்பித்தது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ராத்திரி குறட்டைச் சத்தமும் கேட்டது, அதற்குக்கூட நான் சந்தோஷப்பட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஜெயிக்க ஆரம்பித்ததும் மாஸ்டர் ஒரு புது மந்திரம் ஓதினார். “ஜெயிச்ச அன்னைக்கு எதெல்லாம் எப்படி இருந்துச்சோ, அப்படியே விடுங்க. மூளை பழகின தடத்துலதான் ஓடும்.” அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, இவர் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். ஆட்டத்தன்று அதே இரண்டு அவித்த முட்டை, அதே தட்டு, வாசலில் முதலில் இடது கால். கையுறைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. உள்ளே போடுகிற துணியையும் துவைக்கக் கூடாது என்று ஒருநாள் ஆரம்பித்தார். அன்று நான் போட்ட சத்தத்தில் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். ஒருநாள் கூடத்தைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

“பெத்த எனக்கே குடலைப் புரட்டுது. கட்டினவ நீ எப்படிம்மா பக்கத்துல படுக்கற?”

“மூச்சை இழுக்காம படுக்கறேன் அத்தை.”

“எத்தனை நாளைக்கு?”

“அவர் தோக்கற வரைக்கும்.”

சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் எனக்கே சங்கடமாக இருந்தது. புருஷன் எப்போது தோற்பார் என்று காத்திருக்கிற பொண்டாட்டியாக என்னை ஆக்கிவிட்டது அந்தச் சனியன்.

அரையிறுதி ஆட்டத்தில் எதிராளி ஒருவன் பூட்ஸ் காலோடு இவருடைய வலது கைமேல் ஏறிவிட்டான். ஜெயித்துவிட்டார்கள், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாளாக இடது கையால் சாப்பிட்டார். கேட்டால், மாஸ்டர் மூளையின் மறுபக்கத்துக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார் என்றார். பொய் சொல்வதிலும் மாஸ்டரைத் துணைக்கு அழைக்கிற நிலைமை. மூன்றாம் நாள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

சுண்டுவிரல் பெருவிரல் அளவுக்கு வீங்கிப் பளபளவென்று இருந்தது. நகம் ஒரு பக்கம் தூக்கி, அதன் அடியில் மஞ்சள் கட்டியிருந்தது. கையுறை நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடைதான். ஈறில் சீழ் கட்டினவர்கள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த உடனே வரும்.

“இதை வச்சிக்கிட்டா பந்து பிடிக்கிறீங்க? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு.”

“பைனல் முடியட்டும். இன்னும் நாலு நாள்தான்.”

“விரல் அழுகுது.”

“இப்ப போனா கட்டுப் போடுவாங்க. கட்டுப் போட்டா க்ளவுஸ் நுழையாது. நுழையலன்னா அந்த ரெண்டாவது கீப்பர் பையனை இறக்குவாங்க. அவன் நல்லா ஆடிட்டா அடுத்த வருஷம் எனக்கு ஒப்பந்தம் கிடையாது. மறுபடியும் நான் சல்லடைதான். புரியுதா உனக்கு?”

புரிந்தது. அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்ததும் தெரிந்தது. அதற்காக விரலை விட்டுவிட முடியுமா?

ஃபோனில் படம் எடுத்துக் கொண்டுபோய் எங்கள் பல் டாக்டரிடம் காட்டினேன். “இது பல் இல்லையேம்மா” என்று சிரித்தவர், படத்தைப் பெரிசாக்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். “இன்னைக்கே சர்ஜன்கிட்ட காட்டச் சொல்லு. இந்த விரலைக் கொண்டுபோய் வேர்வைக்குள்ளயும் அழுக்குக்குள்ளயும் வச்சா விரல் போயிடும்” என்றார். அதுவரைக்கும் தாங்கட்டும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஓடினேன். இவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு மேஜைமேல் வைத்தார்.

“ஜெயிச்ச அன்னைக்கெல்லாம் மாத்திரை சாப்பிடலியே” என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்தது கோபம் இல்லை, அருவருப்பு. விரலைப் பார்த்துக்கூட எனக்கு அப்படி வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் க்ளப்புக்குப் போய் மனசு மாஸ்டரைப் பார்த்தேன். பந்துகள் அடுக்கி வைக்கிற அறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு அறை. எதிரெதிராக இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு மலைப் படம், அழுகிறவர்களுக்காக ஒரு பெட்டி டிஷ்யூ. அறை முழுக்க ஏதோ பூ வாசனை அடித்தது. நாற்றத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு வாசனையைத் தன் அறையில் வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்தார். பயிற்சி அப்படி போலிருக்கிறது.

“வலிங்கறது ஒரு தகவல்மா, அவ்வளவுதான். அதுக்குப் பதில் சொல்லணுமா வேண்டாமான்னு நாமதான் முடிவு பண்றோம்.”

“சீழும் தகவல்தானா சார்?”

“உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா பைனலுக்கு முன்னாடி அவர் மனசுல ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் எல்லாம் போச்சு.”

“மனசுல கீறல் விழக்கூடாது. விரல் அழுகிப் போகலாம்.”

அவர் கோபப்படவில்லை. டிஷ்யூ பெட்டியை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். ஒன்றை உருவி, என் கையைத் துடைத்து, அவர் மேஜைமேலேயே போட்டுவிட்டு வந்தேன்.

பைனலுக்கு முந்தின நாள் எனக்கு லீவு. இவரை க்ளப்பில் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கையுறை நாற்காலியில் கிடந்தது. விரலை என்னால் காப்பாற்ற முடியாது, அது போய் உட்காருகிற இடத்தையாவது சுத்தம் பண்ணலாம் என்று தோன்றியது. இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுபோய்க் குளியலறையில் வாளித் தண்ணீரில் போட்டேன். வந்த தண்ணீரின் நிறத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருக்கலாம். சோப்புப் போட்டு, உள்ளே ஒவ்வொரு விரலாகக் கையை விட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசி, மின்விசிறிக்கு அடியில் காய வைத்தேன்.

காய்ந்ததும்தான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. கையுறை வெள்ளையும் பச்சையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்தால் இவர் மைதானத்துக்கே போகமாட்டார். போனாலும் கை நடுங்கும், பந்து உள்ளே போகும், மறுபடியும் சல்லடை. அந்த மந்திரத்தில் எனக்கு ஒரு துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் இவர் நம்புகிறார், அந்த நம்பிக்கை போனால் கை போய்விடும் என்று நான் நம்பினேன். அப்படியானால் எனக்கும் அந்த மாஸ்டருக்கும் என்ன வித்தியாசம்? நினைக்கவே கசந்தது.

மாமியார் வந்து நின்றார். கையுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து மோந்து பார்த்தார்.

“சோப்பு வாசனை” என்றார். “என் பிள்ளை செத்தான்.”

“அத்தை, விரலைப் பாத்தீங்கள்ல?”

“பாத்தேன், பாத்தேன். துவைச்சது சரிதான். ஆனா அவன் மூக்குக்கு என்ன பதில்?” பிறகு முந்தானையை இடுப்பில் செருகினார். “உள்ள சுத்தமா இருக்கட்டும். வெளிய நாறட்டும். வா.”

அன்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் செய்த வேலையை எந்த மாமியார் மருமகளும் செய்திருக்கமாட்டார்கள். டீத்தூளைக் கொதிக்க வைத்து வெள்ளையைப் பழுப்பாக்கினோம். ஷூ பாலிஷை அங்கங்கே தடவினோம். நேற்றே திரிந்துபோன பாலை மணிக்கட்டுப் பட்டையில் மட்டும் தேய்த்தோம். மாமியார் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு கந்தலை எடுத்து வந்தார். அது எப்போதிலிருந்து அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அதை வைத்துப் புறங்கைப் பக்கம் அழுத்தித் துடைத்தார். ஒவ்வொரு தடவையும் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

“பத்தாது. இவ்வளவு நல்லா இருந்தா கண்டுபிடிச்சிடுவான்.”

“அத்தை, எனக்கு வாந்தி வருது.”

“அடக்கிக்கோ. பால் குடுத்து வளர்த்தேன் அவனை. கடைசியில திரிஞ்ச பால்லதான் காப்பாத்தணும்னு இருக்கு.”

மறுநாள் காலை இவர் கையுறையை எடுத்தார். மூக்கில் வைத்தார். கண்ணை மூடி, பூவை முகர்வது போல ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. சாதாரணமாகக் காலையில் என் வாய் ஓயாது. ஆட்டத்தன்று என்றால் இன்னும் மோசம், அதை எடு, இதை மறக்காதே, சட்டை எங்கே என்று பேசிக்கொண்டே இருப்பேன். அன்று வாயைத் திறந்தால் உண்மை வெளியே விழுந்துவிடும் என்று பயம். முட்டையை உரித்துத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இடது காலை வைத்து வெளியே போகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. நானும் மாமியாரும் மைதானத்தில் முன்வரிசையில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இவர் இரண்டு கம்பத்தையும் தொட்டார், மூச்சை விட்டார், கையுறையைப் பார்த்து உதட்டை அசைத்தார். துவைத்துத் திரும்ப அழுக்காக்கிய கையுறையைப் பார்த்துத்தான் ‘இது என் கை’ என்றார். கடைசிப் பந்து வலது மூலைக்குப் போனது. அந்த வீங்கின கையாலேயே தட்டிவிட்டார். மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். நானும் கத்தினேன், பொய் சொல்லமாட்டேன்.

மனசு மாஸ்டர் ஓடி வந்து இடது கையுறையை உருவிக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். பிறகு அதன் புறங்கைப் பக்கத்தை முத்தமிட்டார். ஒரு தடவை இல்லை, அழுத்தி இரண்டு தடவை. மாமியார் என் கையை நெரித்தார்.

“அந்தக் கந்தலை அந்த இடத்துலதான்மா தேய்ச்சேன்.”

“தெரியும் அத்தை.”

சிரிப்பு வந்தது. அதற்குள் இவர் வலது கையுறையைக் கழற்ற முயற்சி பண்ணுவதைப் பார்த்தேன். அது வரவில்லை. கையைக் கால் இடுக்கில் வைத்துக் குனிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் ஆனந்தத்தில் அழுகிறார் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கையுறையைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். மறுநாள் சர்ஜன் சுண்டுவிரலில் இரண்டு கணுவை எடுத்துவிட்டார். நாலு நாள் முன்னால் வந்திருந்தால் கீறிவிட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவர் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கிடந்தார். க்ளப்பிலிருந்து ஆள் வந்து, ஒப்பந்தம் உண்டு, விரல் ஆறினதும் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

“அந்த க்ளவுஸை நான் துவைச்சிட்டேன். முந்தின நாளே. நீங்க மோந்து பாத்தது நானும் அத்தையும் பூசின திரிஞ்ச பால். அதுல ஒரு மண்ணும் இல்ல. பந்தைப் புடிச்சது உங்க கை. உங்க கை மட்டும்தான்.”

அவருக்குக் கண் கலங்கியது. எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. ஒரு விரலில் பாதி போனாலும் புருஷன் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மனசு மாஸ்டர் பழப்பையோடு உள்ளே வந்தார். இவர் அவரிடம் அப்படியே ஒப்பித்தார். மாஸ்டர் முகம் ஒரு கணம் மாறியது. கை தானாக உதட்டுக்குப் போனது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்படின்னா அன்னைக்கு வேற ஏதோ ஒண்ணு சரியா அமைஞ்சிருக்கு. கண்ணை மூடுங்க. காலையிலேர்ந்து வாங்க. என்ன வித்தியாசமா இருந்துச்சு?”

இவர் கண்ணை மூடினார். அவரும் மூடினார். அறுத்த விரலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தேடினார்கள். திடீரென்று இவர் முகம் மலர்ந்தது.

“இவ பேசல” என்றார். “அன்னைக்குக் காலையில இவ ஒரு வார்த்தை பேசல மாஸ்டர். எப்பவும் பேசிக்கிட்டே இருப்பா.”

“மௌனம்!” என்றார் மாஸ்டர். அவர் என் பக்கம் திரும்பினார், ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். “நீங்க தப்பா நினைக்கக் கூடாது. ஆட்டத்தன்னைக்குக் காலையில மட்டும், கொஞ்சம்...”

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். விரலை அறுத்ததிலிருந்து வராத சிரிப்பு. கெஞ்சலும் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் இவர் நன்றாக ஆடுவார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதுதான் இன்னும் குமட்டியது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.

காயம் ஆறி, முதல் ஆட்டம் வந்தது. புதுக் கையுறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பல் டாக்டர் மாதிரி. மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் முட்டையை உரித்துத் தட்டில் வைத்தேன். இவர் நிம்மதியாக மூச்சு விட்டு, கையுறையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கையைக் காட்டுங்க” என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. “இப்ப எதுக்குடி பேசின?”

“கையைக் காட்டுங்க.”

காட்டினார். ஒவ்வொரு விரலாக, நகத்துக்கு அடியில், இடுக்கில், அந்தக் குட்டை விரலின் தழும்பில் என்று பார்த்து, மோந்தும் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது.

“இன்னைக்கு ஒரு கோல் விழுந்தா உன்னாலதான்” என்றார்.

“விழட்டும்” என்றேன்.